கொடைக்கானலுக்கு மேலே தனியாக பைக்கில்: பண்ணை வீட்டுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னவனூர், கவுஞ்சி, போளூர், கூக்கால் பக்கம் பண்ணை வீடுகளில் தங்கத் தனியாக பைக்கில் போகிறவர்கள், வத்தலக்குண்டு மலைச்சாலையை நினைத்துத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அந்தச் சாலையில் பஸ் ஓடுகிறது, டீக்கடை இருக்கிறது, விழுந்தால் தூக்கிவிட ஆள் வரும். பெரும்பாலான சிக்கல்கள் வீட்டில் உட்கார்ந்து போடும் நேரக் கணக்கிலும், பண்ணைக்குப் பிரிகிற கடைசி நாலைந்து கிலோமீட்டரிலும்தான் தொடங்குகின்றன.

காலையிலிருந்து நேரத்தைக் கூட்டிக்கொண்டு போவது

கணக்கைச் சாயங்காலத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 4 மணிக்குப் பண்ணை வாசலில் இருக்க வேண்டும். கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் சுமார் 35 கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பண்ணைப் பாதைக்குத் தனியாக அரை மணி. ஆக, கொடைக்கானலை 2 மணிக்கு விட வேண்டும். வத்தலக்குண்டை 11 மணிக்குள் தாண்டியிருக்க வேண்டும். ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் போதும். ஆனால் சனிக்கிழமைகளில் பெருமாள்மலையில் இருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி வரை வண்டிகள் வரிசையாக நின்றுவிடும் என்பதால் அந்த மீதி ஒரு மணி நேரம்.

4 மணி என்று இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பொழுது சாயும் நேரத்தில் காட்டுமாடுகள் சாலைக்கு வரும். மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால், புதிய பாதையில் தனி ஆளாகச் சமாளிப்பது மிகவும் சிரமம்.

வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம், பைக்குக்கும் சேர்த்துத்தான். மலையடிவாரத்தில் நின்று போனில் பதிவு செய்து நேரத்தை வீணாக்காமல் முந்தின நாளே எடுத்துவிடுங்கள். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

வழியை மேப்பிடம் மட்டும் கேட்பது

மேப்புக்கு எஸ்டேட் பாதையும் தார்ச் சாலையும் ஒன்றுதான். கிளாவரை கிராமத்தோடு தமிழ்நாட்டுப் பக்கத்துச் சாலை முடிகிறது. அங்கிருந்து கேரளத்துக்கு இறங்கிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். அது காட்டு வழி. பேரிஜம் ஏரிப் பாதையும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாதது.

பண்ணைக்காரரிடம் போனில் கேட்க வேண்டியவை வேறு. பிரிகிற இடத்தில் என்ன அடையாளம்? கடைசித் துண்டு சிமெண்டா, கல் பரப்பியதா, வெறும் மண்ணா? நேற்று மழை பெய்ததா? பெய்தால் சாதாரண பைக் ஏறுமா? எந்த இடத்தில் சிக்னல் போகும், அங்கே எந்த சிம் எடுக்கும்? வண்டியை ஊருக்குள் விட்டுவிட்டு ஜீப்பில் வந்துவிடுங்கள் என்று அவர் சொன்னால், தயங்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையை மழையிலும் வெயிலிலும் பார்த்தவர் அவர். சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐ வேலை செய்யாது. தங்கும் செலவுக்குப் போக ஆயிரம் ரூபாய் சில்லறையாகக் கையில் இருக்கட்டும்.

பெட்ரோல், காற்று, மூட்டை

சமவெளியில் லிட்டருக்கு 35 கொடுக்கும் வண்டி, முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஏறும்போது 25-க்கு இறங்கிவிடலாம். கொடைக்கானல் ஊருக்குள்ளேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். மேலே கடைகளில் பாட்டிலில் கிடைப்பதை நம்பிப் போகாதீர்கள். 2,000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இன்ஜின் பலம் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும். பழைய கார்புரேட்டர் வண்டி கொஞ்சம் திணறிப் புகைவது இதனால்தான். ஊர் திரும்பியதும் சரியாகிவிடும். வழியில் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள்.

டயர் விஷயத்திலும் இதே குழப்பம் வரும். அடிவாரத்தில் 28 பிஎஸ்ஐ வைத்த டயர், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மேலே கிட்டத்தட்ட 3 கூடுதலாகக் காட்ட வேண்டும். குளிர் அதில் பாதிக்கு மேல் குறைத்துவிடும். ஆகவே ஒன்றிரண்டு கூடத் தெரிந்தால் காற்றை இறக்க வேண்டாம்.

பையின் எடையைப் பின் இருக்கையின் கடைசியில் ஏற்றுவது அடிக்கடி பார்க்கும் தவறு. செங்குத்தான கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரம் லேசாகி, திருப்பின பக்கம் போகாது. கனமானவை தாழ்வாகவும் முதுகுக்கு ஒட்டியும் இருக்கட்டும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு ஒன்று கழன்று செயினில் சுற்றினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பட்டையாக இறுக்கும் ஸ்ட்ராப்தான் நம்பிக்கையானது. பஞ்சர் கிட், சின்ன ஏர் பம்ப், கிளட்ச் கேபிள் ஒன்று, கிளட்ச் லீவரும் பிரேக் லீவரும் ஒவ்வொன்று. இவை இல்லாமல் தனியாகக் கிளம்பாதீர்கள்.

கடைசி நாலு கிலோமீட்டர்

பைன் ஊசி இலை படர்ந்த இடம், பாசி பிடித்த சிமெண்ட் மேடு, மழை நனைத்த செம்மண் ஆகிய மூன்றும் வழுக்கும். பைன் ஊசி காய்ந்திருந்தாலும் வழுக்கும், அதுதான் பலருக்குத் தெரியாது. ஏறுவதற்கு முன் வண்டியை நிறுத்தி இறங்கி, ஐம்பதடி நடந்து பாருங்கள். ஷூவே வழுக்கினால் டயரும் வழுக்கும்.

முதல் கியர், சீரான ஆக்சிலரேட்டர், பார்வை பத்தடி முன்னால். பாதியில் வண்டி நின்றுவிட்டால் பதற்றத்தில் கிளட்சையும் முன் பிரேக்கையும் பிடிப்பார்கள். ஏற்றத்தில் எடை பின் சக்கரத்தில் இருப்பதால், பூட்டிய முன் சக்கரம் சரளையில் அப்படியே பின்னால் சறுக்கும். கிளட்சை விட்டுவிடுங்கள். அணைந்த இன்ஜினும் முதல் கியரும் பின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். பிறகு வலது காலால் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு யோசிக்கலாம்.

சாய்ந்துவிட்டால் முதலில் இக்னிஷனை அணையுங்கள். வண்டி மேட்டில், சக்கரங்கள் சரிவின் மேல்பக்கமாகக் கிடந்தால் அப்படியே தூக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பையைக் கழற்றிவிட்டு, சக்கரங்கள் சரிவின் கீழ்ப்பக்கம் வரும்படி வண்டியைத் தரையிலேயே இழுத்துத் திருப்புங்கள். கியரில் இருக்கட்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். ஹேண்டில்பாரை விழுந்த பக்கமாக முழுக்கத் திருப்பி, சீட்டில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, ஒரு கையில் ஹேண்டில் பிடி, மறு கையில் பின்பக்கக் கைப்பிடி. பிறகு முதுகை வளைக்காமல் கால்பலத்தில் பின்னோக்கி அடியெடுத்து வையுங்கள். நிமிர்ந்த பின் ஐந்து நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். விழுந்ததும் இன்ஜினை அணைக்கும் சென்சார் உள்ள வண்டிகளில் சாவியை ஒருமுறை முழுக்க அணைத்துத் திருப்ப வேண்டும்.

காட்டுமாடு நின்றால் ஐம்பது மீட்டருக்கு முன்பே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், லைட் டிம்மில் இருக்கட்டும், இன்ஜின் ஓடட்டும். கூட்டத்துக்கும் கன்றுக்கும் நடுவே நுழையவே கூடாது. தனியாக நிற்கும் காளை அவசரப்படாது. நீங்களும் அவசரப்படக் கூடாது. போட்டோவுக்காக இறங்காதீர்கள்.

பண்ணையில் நிறுத்தும்போது முன் சக்கரம் மேட்டைப் பார்க்க, முதல் கியரில் விட்டு, சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் ஒன்று வையுங்கள். ராத்திரி மழையில் மண் இளகி வண்டி சாய்வது அங்கே சாதாரணம்.

இறங்கும்போது இன்ஜினை அணைப்பது

பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சைப் பிடித்தோ நியூட்ரலிலோ இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு வரை சுமார் 1,800 மீட்டர் இறக்கம். அவ்வளவையும் பிரேக் மட்டும் தாங்காது. புதிய டாட் 4 ரக பிரேக் ஆயில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் சேர்ந்த பிறகு அது 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பி, லீவர் பொதபொதவென்று கைப்பிடி வரை வந்துவிடும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே போகாமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து விட்டுவிடுங்கள். கருகல் வாடை வந்தாலோ லீவர் தளர்ந்தாலோ ஓரம் கட்டி இருபது நிமிடம் ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துபோகலாம்.