படத்தில் வரும் டாங்கி அசலா? காலைப் பாருங்கள்

பிளாஸ்டிக் மாடல் டாங்கிகளை ஒட்டி, வண்ணம் தீட்டி, அலமாரியில் அடுக்குவது என் பொழுதுபோக்கு. முதன்முதலாக ஜெர்மன் டைகர் ஒன்றைச் செய்ய உட்கார்ந்தபோது, வண்ணம் எப்படி என்று பார்த்துக்கொள்வதற்காக 'கெல்லிஸ் ஹீரோஸ்' (1970) படத்தை ஓடவிட்டு, டைகர் வரும் இடத்தில் நிறுத்தினேன். என் பெட்டியில் ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சு. பெரிய பெரிய சக்கரங்கள் மீன் செதில் மாதிரி ஒன்றை ஒன்று மறைத்து நிற்க வேண்டும். திரையிலோ பக்கத்துக்கு ஐந்தே சக்கரம், தனித்தனியாக. பெட்டியில்தான் கோளாறு என்று இரண்டு நாள் வேலையைக் கிடப்பில் போட்டேன். பெட்டி சரியாகத்தான் இருந்தது. திரையில் வந்தது டைகர் வேஷம் கட்டிய டி-34, அதாவது சோவியத் டாங்கி. படம் எடுத்தது யூகோஸ்லாவியாவில். அந்த நாட்டு ராணுவத்திடம் டி-34 இருந்தது, டைகர் இல்லை.

அன்றிலிருந்து எந்த டாங்கியைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது அதன் கால்களுக்குத்தான். படக்காரர்கள் மேலே உள்ள சுழலும் கோபுரத்தைப் புதிதாகச் செய்துவிடுவார்கள், பீரங்கிக் குழலை நீட்டிவிடுவார்கள், சிலுவைக் குறி வரைந்துவிடுவார்கள். ஆனால் சக்கரமும் அச்சும் மாற்றுவது புது வண்டி செய்வதற்குச் சமம். அதனால் அங்கே கைவைக்க மாட்டார்கள்.

சரி, எண்ணுவது எப்படி? வண்டி பக்கவாட்டில் கடக்கும் காட்சியில் நிறுத்துங்கள். ஐந்து பெரிய சக்கரம், அவற்றின் தலையிலேயே சங்கிலிப் பட்டை தொய்ந்து கிடக்கிறது, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இடைவெளி சற்று அதிகம் என்றால் டி-34. ஆறு சின்னச் சக்கரம் இரண்டிரண்டாக மூன்று ஜோடி என்றால் அமெரிக்க ஷெர்மன். ஆறு சக்கரமும் மேலே பட்டையைத் தாங்கும் மூன்று சின்ன உருளைகளும் இருந்தால், அது பெரும்பாலும் எம்47 பேட்டன். போர் முடிந்த பிறகு பிறந்தது. ஏழு சக்கரம் வந்தால் லெப்பர்ட் 1, அது 1960-களின் பிள்ளை. 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' (1977) படத்தில் ஜெர்மன் டாங்கியாக வருவது அந்த லெப்பர்ட்தான்.

சக்கரம் தூசியில் மறைந்துவிட்டதா? பட்டையை இழுக்கும் பல்சக்கரம் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கிகளான பான்சர் 4, பேந்தர், டைகர் எல்லாவற்றுக்கும் அது முன்னால். ஷெர்மனுக்கும் முன்னால்தான். டி-34-க்குப் பின்னால். போருக்குப் பிந்தைய பேட்டன், லெப்பர்ட் வகைகளுக்கும் பின்னால். ஆக, ஜெர்மன் சிலுவை போட்ட டாங்கி ஒன்று பின்பக்கத்திலிருந்து பட்டையை இழுத்துக்கொண்டு வந்தால், அது வேஷக்காரன். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிப் படங்களைப் பிடித்துவிடலாம்.

அடுத்தது கோபுரம் உட்காரும் இடம். டி-34-இல் கோபுரம் முன்பக்கம் தள்ளி இருக்கும், எஞ்சின் பின்னால் நிறைய இடத்தை அடைத்துக்கொள்ளும். டைகரின் கோபுரம் ஏறக்குறைய நடுவில். டி-34 மேல் டைகர் கோபுரத்தை வைத்தால், பெரிய தலையை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி தெரியும். 'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) டைகர்களும் டி-34 மேல் கட்டியவைதான். பக்கத் தகடுகளை அழகாக மூடியிருந்தாலும் ஐந்து சக்கரமும் கோபுரத்தின் இடமும் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஆனாலும் அந்த வேலைக்கு ஒரு கைதட்டல் தரத்தான் வேண்டும்.

பீரங்கி வெடிக்கும் நொடியையும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். டைகரின் முன்தகடு 100 மில்லிமீட்டர் தடிமன். அது எதற்கும் நடுங்காது. கோபுரத்தின் பக்கம் படபடவென்று அதிர்ந்தால் உள்ளே இருப்பது தகரமும் இரும்புச் சட்டமும். வீரர் மேல்மூடியைச் சோற்றுப்பானை மூடி மாதிரி ஒற்றை விரலால் தூக்கிப் போட்டாலும் அதே கதைதான்.

ஏன் இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். டைகர் 1 மொத்தமே ஏறக்குறைய 1,350 தான் செய்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலானவை பழைய இரும்பாக உருக்குவதற்குப் போய்விட்டன. ஷெர்மனோ 49,000-க்கும் மேல். பல நாட்டு ராணுவங்கள் அதைப் பல ஆண்டுகள் வைத்திருந்தன. அதனால் பழைய படங்களில் அமெரிக்க டாங்கி அசலாகவும் ஜெர்மன் டாங்கி போலியாகவும் வருவது வழக்கம். இதற்கும் விதிவிலக்கு உண்டு. 'பேட்டில் ஆஃப் த பல்ஜ்' (1965) ஸ்பெயினில் எடுத்தது. அந்த நாட்டு ராணுவம் கொடுத்த எம்47-கள் ஜெர்மன் கிங் டைகராகவும் (டைகர் 1-க்கு அடுத்து வந்த இன்னும் பெரிய வண்டி), சின்ன எம்24 சாஃபிகள் ஷெர்மனாகவும் வந்தன. இரண்டு பக்கமும் அமெரிக்க வண்டியே அமெரிக்க வண்டியைச் சுடும். அதனால் படம் தொடங்கும்போதும் முடியும்போதும் நன்றிப் பட்டியலைப் படியுங்கள். எந்த நாட்டு ராணுவத்துக்கு நன்றி சொல்கிறார்கள் என்று தெரிந்தால், எந்த டாங்கி வரும் என்று பாதி ஊகித்துவிடலாம்.

அசலைப் பார்க்க ஆசை என்றால் போர் நடந்துகொண்டிருந்தபோதே எடுத்த படங்களுக்குப் போங்கள். 'சஹாரா' (1943) படத்தின் எம்3 லீ அப்போது ராணுவத்தில் ஓடிக்கொண்டிருந்த நிஜ வண்டி. வலப்பக்க வயிற்றில் பெரிய பீரங்கி, உச்சியில் குட்டிக் கோபுரத்தில் சின்னது என்று அதன் விசித்திர அமைப்பை நிதானமாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு எச்சரிக்கை: கறுப்பு வெள்ளைப் படங்களில் நடுநடுவே செய்திச் சுருள் காட்சிகளை ஒட்டிவிடுவார்கள். திடீரென்று படம் புள்ளி புள்ளியாக மாறி, கேமரா ஆட ஆரம்பித்தால், அந்தச் சில நொடிகளில் வரும் டாங்கி அசல். காட்சி தெளிந்ததும் மறுபடி போலி வந்துவிடும்.

புதிய படங்களில் 'ஃபியூரி' (2014) தனி. அதில் வருவது இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்து டைகர் 131. இன்று ஓடும் நிலையில் இருக்கும் ஒரே டைகர் 1 அதுதான். ஆனால் அசல் என்பதற்காகக் காலமும் பொருந்திவிடும் என்று நினைக்கக்கூடாது. கதை நடப்பது 1945 ஏப்ரலில். டைகர் 131 தூனிசியாவில் பிடிபட்டது 1943 ஏப்ரலில். அதன் தளபதி எட்டிப் பார்க்கும் உச்சி மேடை உயரமான டப்பா வடிவம், சக்கர விளிம்பில் ரப்பர். பிந்தைய டைகர்களில் மேடை தாழ்ந்துவிட்டது, சக்கரம் எஃகு விளிம்புக்கு மாறிவிட்டது. என் வீட்டில் இதைச் சொன்னபோது, "படம் பார்க்க விடுங்களேன்" என்று பதில் வந்தது. நியாயம்தான்.

அருங்காட்சியகத்தில் நின்றால் கணக்கு தலைகீழ். அங்கே வண்டி அசல்தான். என்னவெல்லாம் பட்டிருக்கிறது என்பதே கேள்வி. டைகர் 131-இன் பீரங்கிக்கு அருகிலும் கோபுரம் உடலோடு சேரும் இடத்திலும் குண்டு பட்ட தழும்புகளைத் தேடுங்கள். பிரிட்டிஷ் சர்ச்சில் டாங்கியின் குண்டு அங்கே பட்டுத்தான் கோபுரம் சுழல முடியாமல் இறுகிப்போனது, குழு இறங்கி ஓடியது. பெல்ஜியத்தின் லா கிளேஸ் கிராமத்தில் நிற்கும் கிங் டைகர், 1944 டிசம்பரில் எரிபொருள் தீர்ந்த படையினர் விட்டுப்போனது.

தழும்பைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாய்வாக வந்து வழுக்கிய குண்டு, வெண்ணெயில் கரண்டி இழுத்த மாதிரி நீளப் பள்ளம் விடும். நேராகத் துளைத்தது, துளையைச் சுற்றி உலோகத்தை உதடு மாதிரி பிதுக்கியிருக்கும். ஓரத்தில் சன்னமான வரிவரியாகத் தெரிந்தால் அது வாயு வைத்து வெட்டிய துளை, குண்டு இல்லை. ஒரே பக்கத்தில் பல அளவில் துளைகள் மொத்தமாக இருந்தால் உடனே உருகிவிடாதீர்கள். போருக்குப் பிறகு எத்தனையோ டாங்கிகளைத் பீரங்கிச் சுடும் பயிற்சிக்கு இலக்காக நிறுத்திவிட்டார்கள்.

தழும்பே இல்லாத அசலும் இருக்கிறது. போவிங்டனில் உள்ள பேந்தரைப் பார்த்துப் 'போர்க்களத்தில் பிடித்தது' என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். போர் முடிந்தபின், ஹானோவர் தொழிற்சாலையில் மிச்சம் கிடந்த பாகங்களை வைத்து, பிரிட்டிஷ் மேற்பார்வையில், சோதனைக்காகப் பூட்டிய வண்டி அது. ஒவ்வொரு பாகமும் ஜெர்மன் பேந்தர்தான், ஆனால் ஒரு நாளும் போருக்குப் போகவில்லை. அதனால் விளக்கப் பலகையில் பெயரை மட்டும் படிக்காமல், எங்கிருந்து வந்தது என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லையென்றால் கேளுங்கள்.

ஜெர்மன் டாங்கிகளில் சீப்பு இழுத்த மாதிரி கோடு கோடான பூச்சு தெரிந்தால் அது சிம்மரிட். காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்கப் பூசியது. தொழிற்சாலைகள் அதை 1943-இன் பிற்பகுதியில் ஆரம்பித்து, 1944 செப்டம்பரில் நிறுத்திவிட்டன. 1943 ஏப்ரலில் தூனிசியாவில் நடக்கும் கதையில் சிம்மரிட் பூசிய டைகர் வந்தால் சிரித்துக்கொள்ளலாம்.

ஷெர்மன் என்றால் நான் நேராகப் பின்னால் போய்விடுவேன். கீழே, இழுவைக் கொக்கி மாட்டும் இரண்டு காதுகள் இருக்கும். வரிசை எண்ணை அதில்தான் அடித்திருப்பார்கள். அந்த எண்ணை வைத்து எந்தத் தொழிற்சாலை, எந்த மாதம் என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில், தகட்டோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள், பள்ளத்தில் நிழல் விழும். முதல் தடவை அப்படி முட்டிபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காவலர் பின்னால் வந்து, "ஏதாவது விழுந்துவிட்டதா?" என்றார். எண் என்றேன். அவரும் குனிந்தார். நான்கு இலக்கம் படிக்க முடிந்தது, ஐந்தாவது பச்சைப் பெயின்டுக்குள் மூழ்கியிருந்தது. மூன்றா எட்டா என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாதாடினோம்.