ஒட்டிய படத்தை உரிக்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி, சட்டம் போட்ட பழைய படத்தோடு என் கடைக்கு வந்தார். படம் பாதிக்கு மேல் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. கையில் பிளேடு. "மெதுவா உரிச்சா வந்துருமாண்ணா?" எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இருபது வருடத்துக்கு முன்பு நானும் அப்படித்தான் பிளேடும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

வெயிலில் வைக்காதே, ஈரக் கையால் தொடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விடுகிறேன். பழைய வீட்டுப் படங்களுக்கு நாம் தெரியாமல் செய்யும் மற்றத் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

உரிப்பது

எங்கள் குமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. சாரல் அடிக்கும் சுவரில் மாட்டிய படம் வருடா வருடம் ஈரம் குடிக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்கி நிற்பது காகிதம் அல்ல, அதன்மேல் பூசிய ஜெலட்டின். வெள்ளித் துகள்கள் அதற்குள்தான் இருக்கின்றன. ஈரம் பட்டால் ஜெலட்டின் இளகும், காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும்.

என் பாட்டாவின் (தாத்தாவின்) ஒரே படம் அப்படித்தான் ஒட்டியிருந்தது. ஆச்சி நாற்காலியில், பாட்டா பக்கத்தில் கோட்டு போட்டு நிற்பார். பிளேடை நுழைத்தேன். காகிதம் சுலபமாகத்தான் வந்தது. ஆனால் மீசையிலிருந்து காதுவரை வெறும் வெள்ளை. ஆச்சி கண்ணாடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மீசை அதில் இருந்தது. ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் யாராவது பிளேடு எடுத்தால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

தண்ணீரில் ஊறப்போட்டால் வரும் என்று சொல்வார்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்தே போய்விடும், நம்பாதீர்கள்.

பின் அட்டையை மட்டும் கழற்றுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து, 600 டிபிஐ-யில் எடுங்கள். மெல்லிய ஸ்கேனரில் மங்கலாக விழுந்தால் கேமராவில் எடுக்கலாம். வெளிச்சம் பக்கவாட்டில் இருக்கட்டும், கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி தொங்கட்டும், பிரதிபலிப்பு விழாது. அதில் புதுப் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். அப்போதும் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். அசல், கண்ணாடியோடு பீரோவில் இருக்கட்டும்.

பின்பக்கத்தை விட்டுவிடுவது

1949 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அந்தக் காலத்துப் படங்களின் பின்னால் மலையாள எழுத்தும், மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டும் இருக்கும். ஒரு வீட்டில் '1118 சிங்ஙம்' என்பதை ஸ்டுடியோ நம்பர் என்று நினைத்திருந்தார்கள். சிங்ஙம் நம் ஆவணி, ஆண்டு பிறப்பதும் அப்போதுதான். ஆங்கில ஆண்டு தெரிய, ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும் வரை 825. அந்தப் படம் 1942 ஆகஸ்ட்-செப்டம்பரில் எடுத்தது. அவர்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் அது தெரியாது.

லேமினேஷன்

வேண்டாம். சூட்டில் ஒட்டினால் பிரிக்க முடியாது.

பின்னால் பால்பாயிண்ட் பேனா

அழுத்தம் முன்பக்கம் முகத்தில் தெரியும். மென்மையான பென்சில் போதும்.

முகத்தைத் தெளிவாக்கும் ஆப்

அது புதிதாக ஒரு முகம் வரைந்து தருகிறது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது உங்கள் பாட்டா இல்லை. மங்கலான அசல் ஸ்கேனை அழித்துவிடாதீர்கள்.

போனில் காட்டிப் பேர் கேட்பது

வயதானவர்களுக்குப் போன் திரை சரிப்படாது. பெரிய பிரிண்டாகக் கையில் கொடுங்கள். அந்தத் தம்பியின் படத்தைக் கண்ணாடியோடு ஸ்கேன் செய்து, ஏ4 அளவில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் போன் பண்ணினார். அவருடைய ஆச்சி முகங்களைப் பார்க்கும் முன்பே தன் காதைத் தொட்டுப் பார்த்தாராம். "இது எனக்க பாம்படம் இல்ல மக்ளே, மைனிக்க. படம் எடுக்கப் போகும்போ கேட்டு வாங்கிப் போட்டுட்டுப் போனேன்."