கியர் பல் முறியாமல் இருக்க: ஹார்டனிங் (கடினமாக்கும்) முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

1. பழுதை அடையாளம் காணுங்கள். விரிசல் பல்லின் அடிவார வளைவில் தொடங்கியிருந்தால் அது வளைவுச் சோர்வு, அதாவது பல் திரும்பத் திரும்ப வளைந்து பலவீனமாவது. பல்லின் பக்கத்தில், பிட்ச் கோட்டை (பல் உயரத்தின் நடுவாக்கில் உள்ள கோடு) ஒட்டிச் சிறு குழிகள் விழுந்திருந்தால் தொடுகைச் சோர்வு; பட்டறையில் பிட்டிங் என்பார்கள். எது என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. மேற்பரப்பில் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கார்பரைசிங்கில் சுமார் 0.2 சதவீதம் கார்பன் உள்ள எஃகை 900 முதல் 950 டிகிரி செல்சியஸில் வைத்து, மேலடுக்கின் கார்பனை ஏறக்குறைய 0.8 சதவீதமாக உயர்த்துகிறோம். பிறகு எண்ணெயில் குளிர்விக்கும்போது உள்ளகம் முதலில் உருமாறி முடித்துவிடுகிறது. கார்பன் நிறைந்த மேலடுக்கு தாமதமாக மார்ட்டென்சைட்டாகி (எஃகின் மிகக் கடினமான அமைப்பு) விரியப் பார்க்கும், உள்ளகம் விடாது. இந்த இழுபறியில் மேற்பரப்பில் அமுக்கத் தகைவு (உள்ளே தங்கும் அமுக்கும் விசை) தங்கிவிடுகிறது. பளு ஏறும்போது அடிவாரத்தில் எழும் இழுவிசையின் ஒரு பகுதியை அது ஈடுகட்டுவதால் விரிசல் எளிதில் பிறப்பதில்லை. தொடக்கநிலையாளர்கள் பலரும் ராக்வெல் எண்ணை (கடினத்தன்மையின் அளவு) மட்டும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த அமுக்கத் தகைவுக்கும் அதே மதிப்பு கொடுக்க வேண்டும்.

3. ஆழத்தை முடிவு செய்யுங்கள். பற்கள் உரசும் இடத்தில் மிகுதியான சறுக்குத் தகைவு (ஒரு அடுக்கை மற்றொன்றின் மேல் நழுவவைக்கும் தகைவு) மேற்பரப்பில் அல்ல, அதற்குச் சற்றுக் கீழே உருவாகிறது. கடின அடுக்கு அதைவிட மெல்லியதாக இருந்தால் விரிசல் உள்ளிருந்தே கிளம்பும். அதற்காக ஆழத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் பல்லின் நுனி முழுவதும் கடினமாகி உடையும்.

4. முறையைத் தேர்ந்தெடுங்கள். கனமான பளுவுக்குக் கார்பரைசிங். வடிவம் கோணக்கூடாது என்றால் நைட்ரைடிங் (மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றும் முறை): 500 முதல் 550 டிகிரியில் முடிந்துவிடும், திடீர்க் குளிர்விப்பு தேவையில்லை, ஆனால் அடுக்கு மெல்லியது.

மின்காந்தத் தூண்டலால் மேற்பரப்பைச் சூடாக்கிக் குளிர்விக்கும் இண்டக்‌ஷன் ஹார்டனிங்கில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பல்லின் பக்கங்களை மட்டும் சூடாக்கி அடிவாரத்தை விட்டுவிட்டால், கடின அடுக்கு முடியும் எல்லை சரியாக அடிவாரத்தில் வந்து விழும். அங்கே இழுவிசைத் தகைவு தங்கும். வளைவுச் சோர்வு முன்பைவிட மோசமாகலாம். கடின அடுக்கு அடிவார வளைவையும் சுற்றிவர வேண்டும் என்று வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.

5. கிரைண்டிங்கில் கெடுக்காதீர்கள். அதிக வெப்பம் மேலடுக்கை மென்மையாக்கி, அமுக்கத் தகைவை இழுவிசையாக மாற்றிவிடும். முடிந்தவரை கல் அடிவாரத்தைத் தொடாதபடி திட்டமிடுங்கள். தீய்ந்த இடங்களை நைட்டால் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) அமிலச் சோதனை காட்டிக்கொடுக்கும். வளைவுச் சோர்வுதான் உங்கள் பிரச்சினை என்றால், ஹார்டனிங்குக்குப் பின் அடிவாரத்தில் ஷாட் பீனிங் (சிறு குண்டுகளை வேகமாக வீசி அடிப்பது) செய்து அமுக்கத்தை மேலும் கூட்டலாம்.