காலநிலைக் கொள்கைகளைச் சந்தேகிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அரசு எத்தனை சட்டம் போட்டாலும் பூமி சூடாவது நின்றுவிடப் போகிறதா?" மே மாதம் பிறந்தால் ஆர்.கே.புரம் முதல் மயூர் விஹார் வரை டெல்லித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி சுற்றத் தொடங்கிவிடும். கேட்க வேண்டிய கேள்விதான். வரிப்பணம் போகிறது, பழைய வண்டியைக் கழித்துவிடச் சொல்கிறார்கள், நல்ல ஏசிக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பலன் என்ன என்று கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனால் பதிலைத் தேடுகிற இடம் பலமுறை தவறிப்போகிறது.

வெயிலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூர் வானிலை நிலையத்தில் 52.9 டிகிரி பதிவானது. இந்திய வானிலைத் துறை பிறகு ஆராய்ந்து, அங்கிருந்த கருவி சுமார் 3 டிகிரி கூட்டிக் காட்டியதாக அறிவித்தது. 52.9-ஐக் காட்டி "கொள்கைகள் எல்லாம் தோற்றுவிட்டன" என்றவர்களும், கருவிப் பிழையைக் காட்டி "வெப்பமயமாதலே கட்டுக்கதை" என்றவர்களும் ஒரே பள்ளத்தில்தான் விழுந்தார்கள். ஒரு நாளின் அளவு எந்தக் கொள்கைக்கும் சாட்சி ஆகாது. சப்தர்ஜங்கில் அதே நாளில் பதிவான 46.8 டிகிரியும் அப்படித்தான்.

காரணம், கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துகொண்டே போகிற வாயு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 280 ஆக இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 2020 ஊரடங்கில் உலக உமிழ்வு, அதாவது உலகம் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடு, சுமார் 5 சதவீதம் குறைந்தது. அந்த ஆண்டும் காற்றில் அதன் அளவு ஏறத்தான் செய்தது. மாதாமாதம் வாங்கும் கடனைக் கொஞ்சம் குறைத்தால் அசல் இறங்காது, ஏறுகிற வேகம் மட்டும் மட்டுப்படும், இதுவும் அப்படியே. உலகம் முழுவதும் உமிழ்வை வேகமாகக் குறைத்தால்கூட, இயல்பான ஏற்ற இறக்கங்களைத் தாண்டி வெப்பநிலையில் வித்தியாசம் தெரிய ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடிக்கும் என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை. ஐந்தாண்டு ஆட்சியின் வேலையை ஐந்தாண்டு வெயிலில் தேடினால் எதுவும் அகப்படாது. பார்க்க வேண்டியது எத்தனை டன் உமிழ்வு குறைந்தது என்ற கணக்கை.

புகையையும் வெப்பத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது

டெல்லியில் வாழ்கிறவர்கள் மிக எளிதாகச் செய்யும் தவறு இது. நவம்பரில் தொண்டை எரியும்போது ஒற்றைப்படை-இரட்டைப்படை வண்டித் திட்டமும், பாபா கரக் சிங் மார்க்கில் 2021-இல் நிறுவிய புகைநீக்கும் கோபுரமும் நினைவுக்கு வரும். "இவை என்ன சாதித்தன? காலநிலைக் கொள்கை என்றாலே இப்படித்தான்" என்று பேச்சு ஓடும். அந்தத் திட்டங்களைத் தாராளமாக விமர்சிக்கலாம். ஆனால் அவை பிஎம் 2.5 போன்ற நுண்துகள்களுக்கானவை. துகள்கள் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் காற்றிலிருந்து படிந்துவிடும். கார்பன் டை ஆக்சைடின் கணிசமான பகுதி நூற்றாண்டுக் கணக்கில் தங்கும்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலரும் சொல்வதில்லை. நிலக்கரிப் புகையில் உள்ள கந்தகம் சல்பேட் துகளாகி, சூரிய ஒளியைத் திருப்பியனுப்பி, பூமியைச் சற்றுக் குளிர்விக்கிறது. கந்தகத்தைக் குறைத்தால் மறைந்திருந்த வெப்பத்தில் ஒரு பகுதி வெளியே தெரியும். அதற்காகப் புகையைச் சுவாசித்துக்கொண்டிருக்க முடியாது, காற்றைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். ஆனால் காற்றுக் கொள்கையின் வெற்றி தோல்வியை வெப்பநிலையில் அளந்தால் விடை தலைகீழாகக்கூட வரும் என்பது நினைவில் இருக்கட்டும்.

"நம் பங்கு எட்டு சதவீதம்தானே" என்று விட்டுவிடுவது

உலக உமிழ்வில் இந்தியாவின் பங்கு சுமார் எட்டு சதவீதம்தான், நாம் குறைத்து என்ன ஆகும் என்ற இந்த வாதத்தை எண்களோடு பார்த்துவிடுவது நல்லது. வெளியே விடும் ஒவ்வொரு லட்சம் கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் உலகச் சராசரி வெப்பநிலை சுமார் 0.45 டிகிரி ஏறும் என்பது ஐபிசிசியின் மதிப்பீடு. எரிபொருள்களால் உலகம் ஆண்டுக்கு வெளியிடுவது ஏறத்தாழ 3,700 கோடி டன். அதாவது ஆண்டுக்கு 0.017 டிகிரி அளவு. இந்தியாவின் பங்கு சுமார் 300 கோடி டன், ஆண்டுக்கு 0.00135 டிகிரி. முப்பது ஆண்டு இப்படியே போனால் 0.04 டிகிரி. "பார்த்தீர்களா, ஒன்றுமில்லை" என்று சந்தேகிப்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

நிறுத்தக் கூடாது. எந்த நாட்டைத் தனியே எடுத்தாலும் எண் சிறிதாகத்தான் வரும். உலக உமிழ்வில் 2 சதவீதத்துக்கும் குறைவான பங்குள்ள நாடுகளை எல்லாம் கூட்டினால் மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும். அவை அத்தனையும் "நாங்கள் சிறியவர்கள்" என்று ஒதுங்கினால் கணக்கு என்ன ஆகும்? நியாயம் என்ற கோணமும் உண்மையானது: இந்தியரின் தலைக்கு ஆண்டுக்கு 2 டன் அளவு, அமெரிக்கரின் தலைக்கு 14 டன் அளவு. யார் முதலில், எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற பேரத்தில் இந்த வாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் "குறைத்தாலும் பயனில்லை" என்பதற்கு இது ஆதாரம் ஆகாது.

இந்தக் கணக்கில் விடுபடும் பெரிய விஷயம் விலை. ஒரு நாட்டின் கொள்கை அதன் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. தேசிய சூரிய மின்சக்தித் திட்டம் தொடங்கிய 2010-இல் இங்கே சூரிய மின்சாரம் யூனிட் 12 ரூபாய் அளவுக்கு ஏலம் போனது. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் அது 2.44 ரூபாய். சூரிய மின்சாரத்தை நிலையான விலைக்கு வாங்க ஜெர்மனி 2000-இல் கொண்டுவந்த கொள்முதல் சட்டம், சீனாவின் தொழிற்சாலைகள், இந்தியாவின் ஏலமுறை எல்லாம் சேர்ந்து இறக்கிய விலை இது. உஜாலா திட்டத்திலும் இதே கதைதான். அரசு மொத்தமாக வாங்கத் தொடங்கியபோது ஒரு எல்இடி பல்பின் கொள்முதல் விலை சுமார் 310 ரூபாய், 2016-இல் 38 ரூபாய். விலை இறங்கியபின் மானியமே இல்லாத கடையிலும் குண்டு பல்பு காணாமல்போயிற்று.

கொள்கையால் வெப்பநிலையையே மாற்ற முடிந்ததற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. 1987-இன் மான்ட்ரியல் உடன்பாடு ஓசோனுக்காகப் போடப்பட்டது. அது தடுத்த, ஃபிரிட்ஜ்களில் பயன்பட்ட சிஎஃப்சி வாயுக்கள் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல ஆயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடிப்பவை. அந்தத் தடை இல்லாதிருந்தால் இன்றைய பூமி இன்னும் சூடாக இருந்திருக்கும். பிரிட்டனில் 2012-இல் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரி. 2013-இல் மின்நிலையங்கள் விடும் கார்பனுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி நிலையம் மூடப்பட்டது. எரிவாயுவும் காற்றாலையும் சேர்ந்தே இது நடந்தது, சில தொழில்கள் வெளிநாட்டுக்குப் போனதும் உண்மை. இருந்தாலும் நிலையம் மூடியதில் கொள்கையின் கை தெளிவாகத் தெரிகிறது. பாரிஸ் உடன்பாடு வந்த 2015-இல் இந்த நூற்றாண்டு முடிவுக்குள் 3 முதல் 3.5 டிகிரி ஏறும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணிப்பு சொன்னது. 2025 அறிக்கையில் நடப்புக் கொள்கைகளின்படி அது 2.8. போதாது, ஆனால் பூஜ்யமும் இல்லை.

மெகாவாட்டை யூனிட்டாகப் படிப்பது

இது ஆதரவாளர்கள் செய்யும் தவறு. "நாட்டின் மின்சாரத்தில் பாதி பசுமை" என்று 2025-இல் பரவிய செய்தி நிறுவுதிறனைப் பற்றியது. ஓடக்கூடிய திறன் வேறு, ஓடிய மின்சாரம் வேறு. 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் 70 சதவீத அளவில் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 613 கோடி யூனிட் வரும். அதே 1,000 மெகாவாட் சூரியப் பூங்கா 22 சதவீதத்தில் ஓடினால் 193 கோடி யூனிட். இரவில் ஒன்றும் வராது. உற்பத்தியில் நிலக்கரியின் பங்கு இன்னமும் ஏறத்தாழ 70 சதவீதம்.

இலக்குகளிலும் கவனம் தேவை. 2005-ஐ ஒப்பிட்டு 2030-க்குள் 45 சதவீதம் குறைப்போம் என்று இந்தியா சொன்னது உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆகும் உமிழ்வு. பொருளாதாரம் மூன்று மடங்கானால், இந்த இலக்கை எட்டியபின்னும் மொத்த உமிழ்வு 1.65 மடங்காக இருக்கும். இலக்கை எட்டிவிட்டோம் என்ற செய்தியும், உமிழ்வு கூடியது என்ற செய்தியும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்.

"இத்தனை கோடி டன் தவிர்த்தோம்" என்ற அறிவிப்புகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். எதோடு ஒப்பிட்டு? பல்பு தினமும் எத்தனை மணி நேரம் எரிந்ததாக வைத்துக்கொண்டு? 60 வாட் குண்டு பல்பை எடுத்துவிட்டு 9 வாட் எல்இடி போட்டால் மிச்சம் 51 வாட். ஏற்கெனவே இருந்த, குறைந்த மின்சாரத்தில் எரியும் சிஎஃப்எல் குழல் பல்பை மாற்றினால் மிச்சம் அதில் ஒரு துண்டுதான்.

ஏசியில் நட்சத்திரத்தை மட்டும் பார்ப்பது

வீட்டுக்குள் கொள்கை வந்து நிற்கும் இடம் ஏசி. ஒன்றரை டன் ஏசியில் மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கும் வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 200 யூனிட். இந்திய மின்தொகுப்பில் யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 140 கிலோ மிச்சம். இப்போது ஏசிக்குள் ஓடும் குளிரூட்டும் கேஸைப் பாருங்கள். ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ கசிந்தால் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரே கசிவில் பத்து வருடத்துக்கும் மேலான நட்சத்திர மிச்சம் போய்விடும். ஆர்-32 என்றால் 675 கிலோ.

வாடகை வீடு மாறும்போதுதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டாமல், குழாயைக் கழற்றி அப்படியே வெளியே விட்டுவிடுகிறார்கள். அப்படி உள்ளே இழுத்துப் பூட்டுவதற்குப் பம்ப் டவுன் என்று பெயர்; அதைச் செய்யச் சொல்லுங்கள், சில நிமிட வேலை. ஒவ்வொரு கோடையிலும் "கேஸ் தீர்ந்துவிட்டது" என்றால் கசிவு இருக்கிறது என்று பொருள். சோப்பு நீர் தடவி, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்தபின், வேக்குவம் இழுத்து, எடை பார்த்து நிரப்ப வேண்டும். இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி திருத்தம் 2016-இல் கையெழுத்தானது, இந்தியா 2021-இல் ஏற்றது. உலகம் முழுதும் நிறைவேறினால் இந்த நூற்றாண்டு முடிவுக்குள் 0.5 டிகிரி வரை தவிர்க்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மெக்கானிக் கையில் பழைய கேஸைப் பிடித்துச் சேமிக்கும் மீட்புக் கருவி இல்லையென்றால் அந்த அரை டிகிரி காகிதத்தில்தான் இருக்கும்.

மீத்தேனை மறப்பது

மயூர் விஹாரிலிருந்து தெரியும் காஜிப்பூர் குப்பைமலை 1984-இலிருந்து வளர்கிறது. காற்றுப் புகாமல் அடியில் அழுகும் ஈரக்குப்பை மீத்தேனை விடுகிறது. கோடையில் அங்கே பிடிக்கும் தீக்கு அது ஒரு காரணம். மீத்தேன் காற்றில் இருப்பது சுமார் 12 ஆண்டு. ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு அளவு சூடாக்கும். அதனால், கொள்கையின் பலன் சீக்கிரம் தெரியக்கூடிய இடம் இதுதான். குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு விதிகள் சொல்கின்றன. வீட்டில் பிரித்த குப்பை ஒரே வண்டியில் கலந்து போனால், பால் கவரும் டயப்பரும் சேர்ந்த ஈரக்குப்பை உரமும் ஆகாது, எரிவாயுவும் ஆகாது, மலைக்குத்தான் போகும். உங்கள் பேட்டை வண்டியில் தனித்தனி அறை இருக்கிறதா என்று காலையில் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஒன்றையொன்று தின்னும் திட்டங்களைக் கவனிக்காதது

சந்தேகம் உண்மையில் வேலை செய்ய வேண்டிய இடம் இது. பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் கூரைச் சூரியத் தகடுக்கு மத்திய மானியம் 78,000 ரூபாய். நிழல் விழாத 300 சதுர அடி இருந்தால் ஆண்டுக்கு 4,000 யூனிட் அளவு கிடைக்கும். டெல்லிப் புழுதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவாவிட்டால் அதில் நல்ல பகுதி போகும். மறுபுறம், டெல்லியில் மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. மாதம் 190 யூனிட் செலவழிக்கும் குடும்பம் எதற்காகத் தகடு போடும்? டெல்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய டிடிஏ பிளாட்டில் மொட்டை மாடி பொது என்பதால், மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் ஒத்துக்கொள்ளாமல் விண்ணப்பம் நகராது. டெல்லி மின் ஒழுங்குமுறை விதிகளில் ஒரே தகட்டின் மின்சாரத்தைப் பல மீட்டர்களுக்குப் பகிரும் முறை உண்டு. சங்கக் கூட்டத்தில் அதைக் கேட்டு, எத்தனை வீடுகளுக்கு எத்தனை யூனிட் என்று எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.