எந்த லியர், எந்த கானரில்?

இந்த மாதம் மூன்று மாணவர்களின் ஆய்வேட்டு வரைவுகளைப் படித்தேன். மூன்றும் ஷேக்ஸ்பியர் காலத்து நாடகங்களில் வரும் கொடிய பெண்களைப் பற்றியவை. மூன்றிலும் நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது செய்த அதே மாதிரித் தவறுகள். எழுத்துப்பிழை, மேற்கோள் முறை எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும்; அவற்றை இங்கே விடுகிறேன்.

கையில் கிடைத்த பதிப்பை நம்புவது

ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' 1608-இல் குவார்ட்டோவாக, அதாவது சிறிய தனி நூலாக, அச்சானது. 1623-இல் முதல் ஃபோலியோவில், அதாவது அவர் நாடகங்களைத் தொகுத்த பெரிய நூலில், மறுபடி வந்தது. இரண்டும் ஒன்றல்ல. குவார்ட்டோவில் மட்டும் உள்ளவை ஏறத்தாழ 300 வரிகள், ஃபோலியோவில் மட்டும் உள்ளவை ஏறத்தாழ 100. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் பலர் இரண்டையும் கலந்து ஒரே நாடகமாக்கிவிட்டார்கள். என்னிடம் இருந்தது அப்படியொரு பதிப்பு.

நான்காம் அங்கத்தில், அப்பா லியரைக் கொடுமைப்படுத்திய மூத்த மகள் கானரிலைக் கணவன் ஆல்பனி ஏசுகிறான். மகள்களா நீங்கள், புலிகள் என்கிறான். பெண்ணுருவம்தான் உன்னைக் காக்கிறது என்கிறான். அவளோ அவன் ஆண்மையை எள்ளுகிறாள். இந்த மூன்றையும் வைத்து, நாடகம் அவளை அரக்கியாக்குகிறது என்று ஓர் இயல் முழுக்க எழுதினேன். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே, "இந்த வரிகள் ஃபோலியோவில் எங்கே இருக்கின்றன?" என்பதுதான். ஒன்றுகூட அதில் இல்லை. அதே ஃபோலியோவின் முதல் அங்கத்தில், நூறு வீரர்களை அப்பா கையில் விட்டுவைப்பது ஆபத்து என்று கானரில் தன் பக்க நியாயத்தைப் பேசும் வரிகள் இருக்கின்றன. குவார்ட்டோவில் அவை கிடையாது.

எட்டு மாத உழைப்பைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. முதல் ஆண்டிலேயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் நான் சொல்கிறேன்: இரண்டு அச்சையும் அருகருகே விரித்து, ஒன்றில் மட்டும் உள்ள வரிகளுக்குப் பென்சிலால் கோடிடுங்கள். ஒரு காட்சிக்கு ஒரு மாலை போதும். கோரம் பேயிடம் இருப்பதைவிடப் பெண்ணிடம் இருப்பதே கொடூரம் என்று ஆல்பனி சொல்வது இரண்டிலும் உண்டு. வாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

ஸ்திரீபார்ட்டை மறப்பது

1660 வரை லண்டன் நாடகக் கம்பெனிகளில் பெண் வேடம் கட்டியவர்கள் பையன்கள். ஆல்பனி சொல்லும் 'பெண்ணுருவம்' அன்று மேடையில் ஒரு பையனுடையது.

சட்டத்தைப் பார்க்காமல் விடுவது

'ஆர்டன் ஆஃப் ஃபேவர்ஷாம்' 1592-இல் அச்சான நாடகம். அதில் கணவனைக் கொல்லும் ஆலிஸ் உண்மையில் வாழ்ந்தவள். 1551-இல் கேன்டர்பரியில் எரிக்கப்பட்டாள். 1351-ஆம் ஆண்டுச் சட்டப்படி அன்று கணவனைக் கொல்வது வெறும் கொலையாக அல்ல, ஒருவகைத் துரோகமாகவே கருதப்பட்டது. மனைவியைக் கொன்ற கணவன்மேல் அந்தக் குற்றம் சாட்டப்படவில்லை.

லேடி மக்பெத்தோடு நிறுத்துவது

அரசனைக் கொல்லக் கணவனைத் தூண்டும் அவளோடு நிறுத்த வேண்டாம். தனக்கு நிச்சயிக்கப்பட்டவனை ஆள் வைத்துக் கொல்லும், 'தி சேஞ்ச்லிங்' நாடகத்தின் பியாட்ரிஸ்-ஜோவானாவையும் படியுங்கள்.