தேவிகுளத்தில் வேட்புமனு: வக்கீல் வேட்பாளர் கவனத்துக்கு

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. ஆகவே முதலில் சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதி ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்ததைக் காட்ட எஸ்டேட் பதிவேடு மாதிரிப் பழைய காகிதம் கையில் இருக்கட்டும். 2021-இல் ஜெயித்தவரின் வழக்கு, மதம் பற்றிய கேள்வியோடு இதனாலும் சுப்ரீம் கோர்ட் வரை போனது.

வேட்புமனுவான படிவம் 2பி-யோடு படிவம் 26 பிரமாணப் பத்திரம், டெபாசிட் 5,000 ரூபாய். பத்திரத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது, 'இல்லை' என்றாவது எழுதுங்கள். சுயேச்சைக்கு முன்மொழிய இதே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் வேண்டும். லயத்து (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) ஆட்கள் என்றால் பாகம் எண், வரிசை எண்ணைப் புதிய வாக்காளர் பட்டியலில் ஒத்துப் பாருங்கள்.

சட்டம் படித்தவர்களே கோட்டைவிடுவது, அரசமைப்புச் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழியை! மனு கொடுத்த பிறகு, பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் எடுத்தாக வேண்டும்.

ஜெயித்தாலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற வேண்டாம். சுப்ரீம் கோர்ட்டின் 2018 தீர்ப்பு எம்.எல்.ஏ.க்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்கிறது.