வெர்னியர் காலிப்பரில் சரியாக அளப்பது எப்படி: ஒரு டர்னரின் குறிப்புகள்

லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) 22 வருடம் நின்றேன். இப்போது ஆய்வு மேசையில் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அளக்கச் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்புதான். முதல் நாள் ஒரு எஃகு உருளையையும், தாடைகளுக்கு நடுவே பொருளைக் கவ்வி அளக்கும் ஒரு வெர்னியர் காலிப்பரையும் மேசையில் வைத்து, எல்லாரையும் தனித்தனியாக அளந்து தாளில் எழுதச் சொல்வேன். ஐந்து பேர் அளந்தால் 23.34, 23.28, 23.40 என்று வேறு வேறாக எழுதியிருப்பார்கள். உருளையும் ஒன்றுதான், காலிப்பரும் ஒன்றுதான். கோடு படிக்க அவர்களுக்குத் தெரியும். மீச்சிற்றளவு (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு), சுழிப்பிழை (மூடிய நிலையில் பூஜ்ஜியம் காட்டாத பிழை) எல்லாம் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள்தான். ஆளுக்கு ஆள் மாறுவது காலிப்பரைப் பிடிக்கிற விதம். அதனால் படிப்பது, பிடிப்பது இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் மூடிப் பாருங்கள்

காலிப்பரைக் கையில் எடுத்ததும் தாடைகளின் உள்முகங்களைச் சுத்தமான துணியால் துடையுங்கள். தலைமுடி அளவுக்கு ஒரு உலோகச் சீவல் ஒட்டியிருந்தாலும் அன்றைக்கு எடுக்கும் எல்லா அளவும் கெட்டுவிடும். பிறகு தாடைகளை மெதுவாக மூடி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். இரண்டு முகத்துக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரியக்கூடாது. நுனியில் மட்டும் கீற்று தெரிந்தால் தாடை தேய்ந்திருக்கிறது, அல்லது எப்போதோ கீழே விழுந்து வளைந்திருக்கிறது. அந்தக் காலிப்பரில் கழித்தல் கூட்டல் எதுவும் உதவாது. வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கீற்று இல்லையென்றால், மூடிய நிலையிலேயே பூஜ்ஜியத்தைப் பாருங்கள். வெர்னியரின் (தாடையோடு நகரும் சின்ன அளவுகோலின்) 0 கோடும், நகராத முதன்மை அளவுகோலின் 0 கோடும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். வெர்னியரின் 0 வலப்பக்கம் தள்ளி நின்றால் நேர் சுழிப்பிழை. 50 பிரிவுள்ள வெர்னியரில் 2-வது கோடு முதன்மை அளவுகோலின் ஒரு கோட்டோடு ஒன்றியிருந்தால் (நேராக நின்றால்) காலிப்பர் 0.04 மி.மீ. கூடுதலாகக் காட்டுகிறது. எடுக்கும் ஒவ்வொரு அளவிலும் அதைக் கழியுங்கள். வெர்னியரின் 0 இடப்பக்கம் போய்விட்டால் எதிர் சுழிப்பிழை. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 47-வது கோடு ஒன்றியிருந்தால் பிழை 0.94 இல்லை. 50-க்கு மூன்று கோடு குறைவு, அதாவது மூன்று தடவை 0.02. காலிப்பர் 0.06 மி.மீ. குறைவாகக் காட்டுகிறது, அதைக் கூட்டுங்கள். ஆய்வுத் தாளின் மேலே இந்தப் பிழையை முதலில் எழுதிவிட்டுத்தான் நான் வேலையைத் தொடங்குவேன். மனத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், பத்தாவது ஜாபில் (அளக்கும் உருப்படியில்) மறந்துவிடும்.

இரண்டு அளவுகோல் எதற்கு

பட்டறையில் அதிகம் புழங்குவது 0.02 மி.மீ. வகை. அதில் முதன்மை அளவுகோலின் 49 மி.மீ. நீளத்தை வெர்னியரில் 50 சம பாகமாகப் பிரித்திருப்பார்கள். ஆக வெர்னியரின் ஒரு பிரிவு 0.98 மி.மீ. முதன்மை அளவுகோலின் ஒரு பிரிவு 1 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.02. அதுதான் மீச்சிற்றளவு. பள்ளி ஆய்வகத்தில் 9 மி.மீ. நீளத்தைப் பத்தாகப் பிரித்த வகை இருக்கும். அதில் மீச்சிற்றளவு 0.1. 0.05 வகையும் உண்டு. கையில் இருப்பது எந்த வகை என்று வெர்னியர் தகட்டிலேயே பொறித்திருப்பார்கள். இல்லையென்றால் பிரிவுகளை எண்ணி, 1 மி.மீ.-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள்.

மில்லிமீட்டரை நேரடியாகவே ஐம்பது கோடாகப் பிரித்துவிட்டால் என்ன என்று ஒரு பெண் என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. அப்படிப் பிரித்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் எதுவும் தெரியாது. ஆனால் இரண்டு கோடுகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா, ஒன்று நகர்ந்திருக்கிறதா என்பதை நம் கண் அபாரமாகக் கண்டுபிடிக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும் திறனைவிட இந்தத் திறன் பல மடங்கு கூர்மையானது. வெர்னியர் அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த பியர் வெர்னியர் 1631-ல் இந்த நகரும் துணை அளவுகோலை வெளியிட்டபோது அவர் மனத்தில் இருந்தது கோணம் அளக்கும் கருவி. அதே யோசனை பின்னால் தாடை வைத்த காலிப்பரில் ஏறி நம் கைக்கு வந்திருக்கிறது.

படிக்கும் முறை

வெர்னியரின் 0 எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு இடப்பக்கம் கடைசியாகத் தாண்டிய மில்லிமீட்டர் கோடு 23 என்று வைத்துக்கொள்வோம். அதுதான் முழு அளவு. உடனே ஒன்றிய கோட்டைத் தேடப் போகாதீர்கள். 0 கோடு 23-க்கும் 24-க்கும் நடுவே சுமாராக எங்கே நிற்கிறது என்று கண்ணாலேயே மதிப்பிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு தாண்டியிருப்பதுபோலத் தெரிந்தால் விடை 23.3-க்குப் பக்கத்தில் இருக்கும். 0.02 வகையில் வெர்னியர்மேல் ஐந்து கோட்டுக்கு ஒரு எண்ணாக 1, 2, 3 என்று போட்டிருப்பார்கள். அந்த 3 என்பது 0.30 மி.மீ. ஆகவே 3-ஐ ஒட்டித் தேடினால் போதும், ஐம்பது கோட்டையும் மேய வேண்டியதில்லை.

3-க்கு அடுத்த இரண்டாவது கோடு, அதாவது 17-வது கோடு, மேலே உள்ள ஒரு கோட்டோடு ஒன்றியிருக்கிறது. 17 தடவை 0.02 என்றால் 0.34. மொத்த அளவு 23.34 மி.மீ.

ஒன்றிய கோடு இதுதானா, பக்கத்துக் கோடா என்ற சந்தேகம் எல்லாருக்கும் வரும். அப்போது அந்தக் கோட்டை விட்டுவிட்டு அதன் இரண்டு பக்கத்துக் கோடுகளையும் பாருங்கள். 17 சரியாக ஒன்றியிருந்தால், 16-வது கோடு தனக்கு மேலுள்ள கோட்டைவிட இம்மி வலப்பக்கமாகவும், 18-வது கோடு இம்மி இடப்பக்கமாகவும் நிற்கும். இரண்டும் 17-ஐ நோக்கி ஒரே அளவு சாய்ந்ததுபோல இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சாய்ந்திருந்தால் நீங்கள் தவறான கோட்டில் இருக்கிறீர்கள். என் பார்வை குறையத் தொடங்கிய பிறகு இந்த வழிதான் எனக்குக் கைகொடுக்கிறது. தயங்காமல் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கும்போது கண் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். வெர்னியர் தகட்டின் விளிம்பு முதன்மை அளவுகோலைவிடச் சற்று உயரத்தில் இருப்பதால், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் கோடு நகர்ந்ததுபோலத் தெரியும்.

இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, ஒன்றிய இடத்தில் மேலே இருக்கும் முதன்மை அளவுகோலின் எண்ணைப் படிப்பது. நம் உதாரணத்தில் 17-வது கோடு ஒன்றுவது மேலே 40-வது கோட்டோடு. அந்த 40-க்கும் அளவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இன்னொன்று இதைவிட ஆபத்தானது. வெர்னியரின் 0, 30-வது கோட்டைத் தொட்டதும் தொடாததுமாக நிற்கும். 49-வது கோடு ஒன்றியிருக்கும். 30-ஐயும் 0.98-ஐயும் கூட்டி 30.98 என்று எழுதிவிடுவார்கள். 0 கோடு இன்னும் 30-ஐத் தாண்டவே இல்லை. சரியான அளவு 29.98. ஒன்றிய கோடு வெர்னியரின் வலது கடைசியில் இருந்தால் முழு எண்ணை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

பிடிக்கும் முறை

வெளிவிட்டம் அளக்கும்போது ஜாபைத் தாடையின் நுனியில் கவ்வக் கூடாது. முடிந்தவரை உள்ளே தள்ளி, முதன்மைக் கோலுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். காலிப்பரில் அளவுகோல் ஒரு கோட்டில் இருக்கிறது, ஜாப் வேறொரு கோட்டில் இருக்கிறது. இப்படி விலகியிருந்தால் நகரும் தாடையின் சின்னச் சாய்வும் அளவில் பிழையாக வந்து சேரும், விலகல் கூடக் கூடப் பிழையும் கூடும் என்பதை ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1890-ல் ஒரு விதியாகவே சொன்னார். மைக்ரோமீட்டரில் (திருகு அளவியில்) அளவுகோலும் ஜாபும் ஒரே கோட்டில் இருக்கின்றன. அது காலிப்பரைவிட நம்பகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அழுத்தத்தை எழுத்தில் சொல்லிப் புரியவைப்பது கடினம், இருந்தாலும் முயல்கிறேன். நகரும் தாடையில் உள்ள சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் தள்ளித் தாடை ஜாபைத் தொட்டதும் நிறுத்துங்கள். இப்போது ஜாபை லேசாக அசைத்தால் தாடைக்கு நடுவே உராய்ந்துகொண்டே நகர வேண்டும். கடகடவென்று ஆடினால் போதவில்லை. நகரவே மறுத்தால் அதிகம். நுனியில் கவ்வி இறுக்கினால் நகரும் தாடை சாய்ந்து, அளவு குறைந்து தெரியும். முதல் நாள் வரும் 23.28 பெரும்பாலும் இப்படி வந்ததுதான். 23.40 எழுதியவர் காலிப்பரைக் கோணலாக வைத்திருப்பார். அதனால் வெளிவிட்டத்தை அளக்கும்போது மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டி, கிடைக்கும் மிகக் குறைந்த அளவை எடுங்கள். பூட்டுத் திருகை முடுக்குவதற்கு முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள். முடுக்கும்போது சிலவற்றில் தாடை ஒரு கோடு நகர்ந்துவிடும்.

உள்விட்டத்துக்கு மேலே உள்ள சின்னத் தாடைகள். இங்கே துளையின் குறுக்கே ஆட்டும்போது கிடைக்கும் பெரிய அளவையும், துளையின் நீளவாக்கில் ஆட்டும்போது கிடைக்கும் சிறிய அளவையும் தேட வேண்டும். முதலில் குறுக்கே, பிறகு நீளவாக்கில் பாருங்கள். சின்னத் துளைகளில் மட்டும் காலிப்பரை நான் நம்புவதில்லை. அந்தத் தாடைகளின் விளிம்பு கத்திமுனை போலத் தெரிந்தாலும் சிறிது தட்டையாகத்தான் இருக்கும். அந்தத் தட்டை வளைந்த சுவரின் அடிவரை போகாது. தட்டை அரை மில்லிமீட்டர் அகலம் என்றால் 5 மி.மீ. துளை ஏறத்தாழ 4.975 ஆகத் தெரியும். 50 மி.மீ. துளையில் இதே பிழை கண்ணுக்கே தெரியாது. சின்னத் துளைக்குப் பிளக் கேஜ் (துளைக்குள் நுழைத்துப் பார்க்கும் அளவுத் தண்டு) போட்டுப் பாருங்கள்.

ஆழத்துக்குப் பின்னால் நீளும் கம்பி. கோலின் அடிமுகம் ஜாபின்மேல் தட்டையாக உட்கார வேண்டும். அதை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் கம்பியை இறக்குங்கள். கம்பியின் நுனியில் ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கும். துளையின் அடியில் இருக்கும் வளைவில் முட்டாமல் இருப்பதற்காக அது. அந்தப் பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டு துளைகளின் மையத் தூரத்தையும் இதிலேயே எடுக்கலாம். துளைகள் ஒரே விட்டம் என்றால், சின்னத் தாடைகளால் இரண்டு துளைகளின் வெளி ஓரங்களுக்கு இடையே அளந்து ஒரு விட்டத்தைக் கழித்துவிடுங்கள். வெளி ஓரங்கள் 58.40, துளை 10.00 என்றால் மையத் தூரம் 48.40. விட்டம் வேறு வேறாக இருந்தால் இரண்டையும் கூட்டிப் பாதியைக் கழியுங்கள்.

சூட்டை மறக்காதீர்கள்

நான் புதிதாக இருந்தபோது 120 மி.மீ. அலுமினிய ஃபிளாஞ்ச் (வட்ட விளிம்புத் தகடு) ஒன்றைக் கடைந்தேன். கடைசிக் கட் முடிந்த கையோடு அளந்தேன். 120.00 இருந்தது. சந்தோஷமாக இறக்கி வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் ஆய்வில் 119.90 என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். நான் அளந்ததில் தவறில்லை, அவர்கள் அளந்ததிலும் தவறில்லை. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு, ஏறத்தாழ 0.023 மி.மீ. விரியும். 120 மி.மீ.-க்கு 36 டிகிரி கூடுதல் சூடு என்றால் கணக்கு 0.10-ல் வந்து நிற்கிறது. எஃகு இதில் பாதிதான் விரியும், ஆனாலும் விரியும். அளவுகளுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. ஆய்வு மேசையில் காலிப்பரையும் ஜாபையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே நான் அளக்கிறேன். அந்த ஃபிளாஞ்ச் பழைய இரும்போடு போனது, அதற்காக நான் செலவழித்த முழுப் பகலும் போனது.

சுற்றிக்கொண்டிருக்கும் ஜாபில் காலிப்பரை வைக்கவே வைக்காதீர்கள். தாடை தேய்வது இருக்கட்டும், விரல் போய்விடும். ஜாபைச் சுழற்றும் ஸ்பிண்டில் முழுவதும் நின்ற பிறகு, பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு, எண்ணெயைத் துடைத்து, அளங்கள். ஒரே இடத்தில் மூன்று தடவை எடுங்கள், விலக்கி விலக்கி. மூன்றும் ஒரு கோட்டுக்குள் வந்தால் எழுதுங்கள். வரைபடத்தில் ±0.01 கேட்டிருந்தால் 0.02 காலிப்பரை மேசையிலேயே விட்டுவிட்டு மைக்ரோமீட்டரை எடுங்கள். ஒரு கோடே கேட்ட விலகலைவிடப் பெரிதாக இருக்கும் கருவியை வைத்துக்கொண்டு சரி, சரியில்லை என்று சொல்ல முடியாது.

வேலை முடிந்ததும் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, தாடைகளுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, பூட்டுத் திருகைத் தளர்த்திப் பெட்டியில் வையுங்கள். இறுக மூடி வைத்தால் சூடு ஏறும்போது ஒன்றையொன்று நெருக்கும், நடுவில் ஈரம் தங்கித் துருவும் பிடிக்கும். தாடை நுனியால் ஜாபில் கோடு கிழிப்பதைப் பார்த்தால் உடனே தடுத்துவிடுவேன். கோடு கிழிக்கத் தனிக் கருவி இருக்கிறது. மாதம் ஒருமுறை ஸ்லிப் கேஜை (துல்லியமான அளவுக் கட்டையை) 10, 50, 100 மி.மீ. என்று வைத்து அளந்து பாருங்கள், ஒரே கேஜைத் தாடையின் அடியிலும் நுனியிலும் வைத்து. இரண்டு இடத்திலும் வேறு வேறாகக் காட்டினால், நகரும் தாடையின் மேலுள்ள இரண்டு சின்னத் திருகுகளைக் கால் சுற்றுக்கும் குறைவாக முடுக்கி, ஆட்டம் போனதா என்று மறுபடி கேஜை வைத்துப் பாருங்கள்.